பெட்பேன் எடுக்கவா நான்கு வருடம்?

கேள்வி: என் மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டாள். தாதிமைப் பட்டப்படிப்புதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நான்கு வருடம். என் அண்ணனோ, “டிப்ளோமா எடுத்தாலும் மிஸ்ஸி, டிகிரி எடுத்தாலும் மிஸ்ஸி. பெட்பேன் எடுக்குறதுக்கு எதுக்கு நாலு வருஷம்?” என்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார், பெரிய வசதி இல்லை. மகளோ ஏழாம் வயதில் தம்பியின் முழங்காலில் ரத்தம் வந்ததைப் பார்த்து மயங்கி விழுந்தவள். அந்த நான்கு வருடத்தில் உண்மையில் என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்? சேர்ப்பதென்றால் இப்போதே என்ன வாங்கி வைக்க வேண்டும்? என் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர். பேத்தி மிஸ்ஸி ஆகப் போகிறாள் என்று அவருக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.
ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் அண்ணன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பெட்பேன், அதாவது படுத்திருக்கிறவரின் மலச்சட்டி, எடுப்போம். நானும் எடுத்தேன். கோலாலம்பூரில் 26 வருடம் வார்டில் இருந்துவிட்டு, இப்போது மாணவர்களை வார்டுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இன்றைக்கும் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் நானே எடுப்பேன். ஆனால் அதை மூடி நேராகக் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடங்களில் ஒன்று. நின்று ஒரு கணம் பார்க்க வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று, ஒருமுறை முகர்ந்தால் மறக்காத நாற்றத்தோடு இருந்தால், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மேலே கசிந்த ரத்தம் குடல் வழியே இறங்கி வருவதற்குள் செரித்துக் கறுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆகவே மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று தனியாகவே கேட்க வேண்டும், ஏனென்றால் கடையில் வாங்கிய வலி மாத்திரையை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாடி வேகமாக ஓடுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். இவ்வளவும் அந்தப் பெட்பேனை எடுத்த கையால் நடக்கிற வேலை.

சிறுநீரும் அப்படித்தான். பெரியவர் ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மில்லிலிட்டராவது வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்குக் குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பையில் இரண்டு மணி நேரத்தில் மொத்தமே 20 மில்லிதான் என்றால், உடம்பில் நீர் போதவில்லையா, உள்ளே எங்காவது ரத்தம் போகிறதா, சிறுநீரகம் தடுமாறுகிறதா? இதையெல்லாம் நினைப்பதற்கு முன், குழாய் அவர் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவர்கள் பெரிய காரணங்களை முதலில் சொல்வார்கள். குழாயை முதலில் பார்க்கிற மாணவியை நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்களின் வரிசை மாறும், ஆனால் சாரம் ஒன்றுதான். முதல் வருடம் பெரும்பாலும் உடம்பைப் படிப்பது. உறுப்புகள் எங்கே இருக்கின்றன, எப்படி வேலை செய்கின்றன, கிருமிகள் எப்படிப் பரவுகின்றன, உயிர்வேதியியல், சத்துணவு, மனிதர்களின் மனம், சமூகம். எல்லாப் பட்டப்படிப்பிலும் இருக்கிற கட்டாயப் பொதுப் பாடங்களும் நடுவில் வரும். கூடவே பயிற்சிக்கூடம். அங்கே ரப்பர் தோல் போர்த்திய பொம்மை நோயாளி படுத்திருக்கும். கை கழுவுவது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, தன் முதுகை முறித்துக்கொள்ளாமல் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, மூக்கு வழியாக உணவுக் குழாய் விடுவது என்று எல்லாவற்றையும் பொம்மையில் செய்து காட்டித் தேறிய பிறகுதான் மனிதர்களைத் தொட விடுவார்கள்.

வார்டுக்குப் போன பிறகு கற்பது வேறு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருட மாணவியாக ஆண்கள் வார்டில் காலை நேரத்தில் எல்லாருக்கும் காய்ச்சல், நாடி, அழுத்தம் பார்த்து சார்ட்டில் எழுதினேன். மூச்சு எத்தனை என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 20 என்று போட்டுக்கொண்டே போனேன். மூச்சை எண்ணவில்லை. யாரும் எண்ணி நான் பார்த்ததும் இல்லை. வார்டு சிஸ்டர் சார்ட்டுகளைப் புரட்டினார். “செமுவா டுவா புலோ?” என்று மலாயில் கேட்டார். எல்லாருக்குமே இருபதா? என் கையைப் பிடித்து ஜன்னலோரக் கட்டிலுக்கு அழைத்துப் போனார். ஒரு முதியவர் கட்டில் விளிம்பில், முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். “நாடி பாக்குற மாதிரி மணிக்கட்டப் பிடி. கண்ணு நெஞ்சு மேல இருக்கட்டும். மூச்ச எண்ணுறேன்னு அவர்கிட்டச் சொல்லாத, சொன்னா மாத்தி விடுவாரு. முழுசா ஒரு நிமிஷம்.” எண்ணினேன். 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. அவருக்கு அழுத்தம் சரியாக இருந்தது, காய்ச்சலும் அப்போது பெரிதாக இல்லை. நுரையீரலில் சளிக்காய்ச்சல் பிடித்திருந்தது. உடம்பு கெட்டுப் போகத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததற்கும் அந்த 34-ஐ என் கையால் எழுதியதற்கும் இடையில் இருக்கிற தூரத்தைக் கடக்கத்தான் வார்டுப் பயிற்சி. அன்றிலிருந்து எண்ணாத ஓர் எண்ணை நான் எந்தச் சார்ட்டிலும் எழுதியதில்லை.

இரண்டாம், மூன்றாம் வருடங்கள்தான் கனமானவை. மருந்தியல், மருத்துவ வார்டு, அறுவைச் சிகிச்சை வார்டு, குழந்தைகள், பிரசவம், மனநலம், அவசரப் பிரிவு எல்லாம் வரும். கணக்கில் சுமாரானவர்கள் இங்கே திணறுவார்கள். 500 மில்லி டிரிப்பை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை? ஏறக்குறைய 42. இப்போது அதை எண்ணி விட இயந்திரம் இருக்கிறது. ஆனாலும் கையால் கணக்குப் போடச் சொல்வோம், ஏனென்றால் தவறான எண்ணைத் தட்டினால் இயந்திரம் அதையும் ஒழுங்காக ஏற்றிவிடும். இன்சுலின் கொடுக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்கிறோமே, அதற்கும் காரணம் உண்டு. யூனிட் என்பதைச் சுருக்கி ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எழுதினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியமாகத் தெரியும். 10 யூனிட் 100 ஆகிவிடும். அதனால்தான் முழுச் சொல்லையும் எழுதச் சொல்கிறோம்.

டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இந்த நோய் தெரியாத குடும்பம் இருக்காது. நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். வீட்டார், “இறங்கிருச்சு மிஸ்ஸி, எப்ப வீட்டுக்கு விடுவாங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எங்களுக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களைவிட்டு வெளியே கசிகிற ஆபத்து. ரத்த அழுத்தம் 100-க்கு 85 என்று வரும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு 100 இருக்கிறதே, பரவாயில்லை என்று தோன்றும். இரண்டுக்கும் இடையே 15 தான் இருக்கிறது என்பதைப் பார்க்கிறவருக்கு வயிற்றில் புளி கரைக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கூப்பிட்டால் சோர்ந்து போய்ப் பார்ப்பது, இதில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. இரவு மூன்று மணிக்கு டாக்டரை எழுப்பி, தயங்காமல், நோயாளி யார், என்ன நடந்தது, நான் என்ன பார்த்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று நான்கே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். அதையும் பாடமாகவே சொல்லிக்கொடுத்துப் பழக்குகிறோம். அமைதியான பிள்ளைகளுக்கு அது ஊசி போடுவதைவிடக் கடினம். உங்கள் மகள் அமைதியானவளாக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சமூகத் தாதிமை என்று ஒரு பகுதி வரும். அரசு கிளினிக்குகளிலும், பிரசவம் முடிந்த வீடுகளுக்குப் போயும் கற்க வேண்டும். இங்கே பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பரிசோதிக்கிறோம். அந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குத் துணி அலமாரியில் போடுகிற அந்துருண்டை வாசமே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடலாம். பாட்டி ஆசையாகப் பத்திரப்படுத்தி வைத்த பழைய சட்டையை எடுத்துப் போட்டிருப்பார். அதை அவர் மனம் நோகாமல் மாற்றச் சொல்ல வேண்டும். பத்தியம் என்று தாய்க்கு என்னென்ன கொடுக்கிறார்கள், எதையெல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் தெரிந்த தாதி அந்த வீட்டுக்குள் நுழைந்தால் கதவு தானாகத் திறக்கும். வார்டிலும் அப்படித்தான். “நெஞ்சு வலி இருக்கா?” என்று மலாயில் கேட்டால் இல்லை என்று தலையாட்டுகிற பாட்டி, தமிழில் கேட்டால், “வலியெல்லாம் இல்ல ஆயி, ஒரு மாதிரியா அடைக்குது, வேர்க்குது” என்பார். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம். இந்த நாட்டில் இனிப்பு நீர் அதிகம் இருப்பது நம் மக்களிடம்தான். அந்த ‘ஒரு மாதிரி’யைக் கேட்டதும் இசிஜி எடுக்க ஓடுகிற பெண் நமக்கு வேண்டும் சகோதரி. உங்கள் மகளின் தமிழும் அந்தப் படிப்போடு சேர்ந்துதான் வார்டுக்கு வரும்.

நான்காம் வருடத்தில் தீவிர சிகிச்சை, வார்டை நிர்வகிப்பது, சட்டமும் அறநெறியும், ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றதும் வீட்டில் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அலட்சியமாக நினைத்தேன். நான் டிப்ளோமா வழியில் வந்தவள். படுத்தே கிடக்கும் நோயாளியின் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்தால் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்த்துவிடு என்று எங்களுக்குச் சொன்னார்கள். மூத்தவர்கள் செய்தார்கள், நாங்களும் அன்போடு செய்தோம். வேலை பார்த்துக்கொண்டே 38 வயதில் பட்டம் படித்தபோதுதான் ஆய்வுகளைத் தேடிப் படிக்கக் கற்றேன். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. அழுத்தத்தில் ஏற்கனவே நசுங்கிய உள்திசு தேய்ப்பதால் இன்னும் சிதையும். அழுத்தம் விழாமல் புரட்டிப் படுக்க வைப்பதே மருந்து. இன்னொன்றும் அப்போது கற்றேன். புத்தகத்தில் ‘சிவந்த தோல்’ என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலுக்கு. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கையின் பின்புறத்தை வைத்துச் சூடாக இருக்கிறதா, சுற்றியுள்ள தோலைவிட இறுகிக் கிடக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை வருடம் அந்தக் கையால் தேய்த்தேன் என்று நினைத்து நான் அழுத இரவு உண்டு. ‘எப்போதும் இப்படித்தான் செய்வோம்’ என்ற பதிலோடு நிறுத்திவிடாமல் ‘ஏன்?’ என்று கேட்க உங்கள் மகளுக்கு 21 வயதிலேயே பழக்கிவிடுவார்கள். எனக்கு டிகிரியின் மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

ரத்தத்துக்கு வருகிறேன். ஏழு வயதில் மயங்கியதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அறுவைச் சிகிச்சை அறையில் முதல் நாள் தலைசுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் பலர் இன்று அதே அறையில் நிமிர்ந்து நிற்கிறார்கள். பசியாறாமல் போகக் கூடாது, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, கண் இருட்டினால் வெட்கப்படாமல் பின்வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிட வேண்டும். போகப் போக ரத்தம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு, அது நோயாளியின் மரணம். அதற்குப் பழகவும் கூடாது. முதல் மரணத்தில் என் மாணவிகளுடன் நானே நிற்பேன். கண்களை மூடி, கை கால்களை நேராக்கி, வெதுவெதுப்பான நீரில் துடைப்போம். துடைக்கும்போது உயிரோடு இருப்பவரிடம் சொல்வது போல், “ஐயா, திரும்பிப் படுக்க வைக்கிறோம்” என்று சொல்லித்தான் புரட்டுவோம். குடும்பத்தார் திருநீறு பூச வேண்டுமா, அவர்கள் யாராவது வந்து தொட வேண்டுமா, அவர்களின் வழக்கம் என்ன என்று கேட்போம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர் எல்லாரும் படுத்திருக்கிற வார்டில் இதையும் கற்றாக வேண்டும்.

உங்கள் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. டிப்ளோமா மூன்று வருடம், பட்டம் நான்கு. இரண்டு பேரும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, பதிவு பெற்றுத்தான் வேலை செய்ய முடியும். ஒரே வார்டில் ஒரே நோயாளியைத்தான் பார்ப்பார்கள். டிப்ளோமா தாதியைக் குறைத்துப் பேச நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன், வார்டுகளைத் தாங்கி நிற்பது அவர்கள்தான். ஆனால் அரசு வேலையில் நுழைவுத் தரம் வேறு. முதுகலை, விரிவுரையாளர் பணி, ஆராய்ச்சி என்று போக நினைத்தால் பட்டம் வேண்டும். வீட்டில் பணம் நிஜமாகவே முடியாது என்றால் டிப்ளோமாவில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் எடுக்கலாம், ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா போன்ற இடங்களில் அந்த வழி இருக்கிறது. நானும் அப்படி வந்தவள்தான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அசைன்மென்ட் எழுதிய நாட்களை நினைத்தால், முடிந்தவர்கள் முதலிலேயே படித்துவிடட்டும் என்றுதான் சொல்வேன். எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளை நேராகப் பட்டத்துக்கே போகலாம்.

முதலில் யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மனுச் செய்யச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகத்தின் செராஸ் வளாகமும் இருக்கின்றன. யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பினாங்கில்தானே இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் தாதிமைப் படிப்பு கிளந்தான் குபாங் கெரியான் வளாகத்தில். தனியார் என்றால் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எம்.க்யூ.ஏ. என்ற மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரமும் தாதியர் வாரியத்தின் அனுமதியும் இரண்டும் இருக்கின்றனவா, வார்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், கடைசித் தொகுதியில் வாரியத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்கும். சில மருத்துவமனைகள் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, முடித்ததும் இத்தனை வருடம் எங்களிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் போடும். நல்ல வழிதான். ஆனால் நடுவில் விலகினால் எத்தனை வெள்ளி கட்ட வேண்டும் என்ற பத்தியைப் படிக்காமல் உங்கள் கணவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

என்ன வாங்கி வைப்பது என்று கேட்டீர்கள். விலை உயர்ந்த புத்தகங்கள் வேண்டாம், நூலகத்தில் இருக்கும். அடி மெத்தென்று, விரல்களை நெரிக்காத, வழுக்காத மூடிய காலணி ஒரு ஜோடி. எட்டு மணி நேரம் நிற்கிற பிள்ளைக்கு அதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். அப்புறம் சட்டையின் நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்கிற, தலைகீழாகத் தொங்கும் தாதியர் கடிகாரம். கை கழுவ மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் அதைத்தான் அணிவோம். விநாடி முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும், பாட்டி மத்தியானம் கண்ணயரும்போது மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாட்டியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணட்டும்.